எவோராவுக்கு அரைநாள் போதாது

போர்த்துகல் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கும் நண்பர்களே, அந்தப் பயணங்களை ஒழுங்கு செய்யும் அன்பர்களே,

உங்கள் பயணத் திட்டங்கள் சிலவற்றைப் பார்த்தேன். பெரும்பாலும் ஒரே அச்சு: லிஸ்பன், சிந்த்ரா, பாத்திமா, போர்த்தோ. நடுவில் 'எவோரா, அரைநாள்' என்று ஒரு வரி. காலையில் லிஸ்பனில் பேருந்து ஏறி, ஒன்றரை மணி நேரத்தில் இறங்கி, ரோமானியர் கோயில் முன்னால் படம் எடுத்து, எலும்புத் தேவாலயத்துக்குள் ஒரு சுற்று வந்து, சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் லிஸ்பன் திரும்பிவிடுவது. ஒரு திட்டத்தில் 'திராட்சைத் தோட்டம், ஒயின் கூடம்' என்று இருந்ததைப் பேனாவால் அடித்து, 'நம்மவர்கள் குடிக்க மாட்டார்கள், கடைவீதிக்கு நேரம் விடலாம்' என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். அந்த ஓரக்குறிப்புதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

எவோராவில் இரண்டு இரவாவது தங்குங்கள். அடித்த வரியை மறுபடி சேருங்கள். குடிக்கிறவர், குடிக்காதவர் எல்லோருக்காகவும்தான் இதைக் கேட்கிறேன்.

ஒயின் என்றதும் நம்மில் பலருக்குச் சங்கடம். பிள்ளைகளும் வயதான பெற்றோரும் கூட வருவார்கள். அவர்களை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் எவோராவைச் சூழ்ந்த அலெந்தேஜு பகுதியின் ஒயின் நாட்டுக்குப் போவது மதுக்கடைக்குப் போவது அல்ல, வெள்ளாமை பார்க்கப் போவது. எந்த மண்ணில் எது விளைகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பறிப்பது யார், கூலி யார் கையில் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளப் போவது. உங்களில் வயல்காட்டில் வளர்ந்தவர்கள் நிறையப் பேர். வழிகாட்டி விளக்குவதற்கு முன்பே உங்களுக்குப் பாதி புரிந்துவிடும். சுவைப்பது அந்தப் பயணத்தில் கடைசிக் கால் மணி நேரம் மட்டுமே. அதை வேண்டாம் என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். எவோரா ஒரு குன்றின் மேல், மதில் சூழ இருக்கிறது. 1986-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. அங்குள்ள ரோமானியர் கோயிலைத் தியானா கோயில் என்று சொல்வார்கள். பின்னாளில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. முதலாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசரை வழிபட எழுப்பப்பட்டது என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் கருத்து. பதினான்கு தூண்கள் இன்னும் நிற்கின்றன. தூணின் உடல் கருங்கல். அடியும் தலையும் எஸ்த்ரெமோஸ் பக்கத்துச் சலவைக்கல். இத்தனை நூற்றாண்டு அது விழாமல் நின்றதற்குக் காரணம் பக்தியோ கலையார்வமோ அல்ல. இடைக்காலத்தில் தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி அடைத்து, உள்ளே இறைச்சிக் கூடம் நடத்தினார்கள். 1836 வரை அது நடந்தது. பிறகு அதே நூற்றாண்டில் சுவரை அகற்றியபோது கோயில் முழுசாக வெளியே வந்தது.

பழையதை இடிக்காமல் பயன்படுத்திக்கொண்டே வந்த ஊர் இது. 1530-களில் பிரான்சிஸ்கு தெ அர்ருதா கட்டிய நீர்க்கால்வாயைப் பாருங்கள். லிஸ்பனில் நீங்கள் பார்க்கப்போகும் பெலெம் கோபுரமும் அவர் கட்டியதுதான். ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த வளைவுகள் ஊருக்குள் நுழையும் இடத்தில் 'ருவா து கானு' என்ற தெரு இருக்கிறது. அங்கே வளைவுக்கு வளைவு வீடு கட்டியிருக்கிறார்கள். கல் வளைவுக்குள் வெள்ளையடித்த சுவர், ஒரு கதவு, ஒரு சன்னல், மேலே தண்ணீர் போன பாதை. நுழைவுச் சீட்டும் இல்லை, கூட்டமும் இல்லை. எனக்கு எவோராவில் மிகவும் பிடித்த தெரு அதுதான்.

எலும்புத் தேவாலயத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஐயாயிரம் பேரின் எலும்பு என்று சொல்லி எல்லோரும் கூட்டிப்போய்விடுவார்கள். போய் வாருங்கள், ஆனால் அங்கே நேரத்தை மிச்சப்படுத்திப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுங்கள். 1559-இல் இயேசு சபையார் கையில் தொடங்கியது. 1759-இல் அவர்கள் நாடு கடத்தப்பட்டதோடு மூடப்பட்டது. மறுபடி 1973-இல்தான் திறந்தது. வகுப்பறைச் சுவர்களில் நீலமும் வெள்ளையுமாக ஓட்டுச் சித்திரங்கள். அந்த அறையில் எந்தப் பாடம் நடந்ததோ அதற்கேற்ற படம். உங்களோடு வரும் பள்ளிப் பிள்ளைகளை அங்கே விடுங்கள். எந்த அறையில் என்ன பாடம் நடந்திருக்கும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். பேராலயத்தின் மேல்தளத்துக்கும் ஏற முடிகிறவர்கள் ஏறுங்கள். 1584-இல் ஜப்பானிலிருந்து கோவா வழியாக வந்த இளம் தூதர்களில் இருவர் அந்தப் பேராலயத்து ஆர்கனை வாசித்துக் காட்டினார்கள். உச்சியில் நின்று பார்த்தால் மதிலுக்கு வெளியே கொஞ்சம் வீடுகள், அப்புறம் கண்ணுக்கு எட்டிய மட்டும் சமவெளி.

அந்தச் சமவெளிதான் இந்த ஊரைக் கட்டியது. தேவாலயத்துக் கல்லும், பிரபுக்களின் மாளிகையும், பல்கலைக்கழகத்தின் முற்றமும் அங்கே விளைந்த கோதுமையும் தக்கையும் திராட்சையும் கொடுத்த பணம். ஊரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் கணக்கில் வரவு யாருடையது என்று தெரியாமலே செலவை மட்டும் பார்த்துவிட்டு வந்ததாகும்.

ஊரை விட்டு எந்தத் திசையில் போனாலும் முதலில் வருவது தக்கை ஓக் மரம். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு மரத்தைக் கிட்டத்தில் பாருங்கள். கிளை பிரியும் இடம் வரைக்கும் பட்டை உரித்திருக்கும். புதிதாக உரித்த அடிமரம் செங்காவி நிறம்; ஆண்டு போகப் போகக் கறுத்துவிடும். அந்த மரத்தில் வெள்ளைச் சாயத்தால் ஓர் எண் எழுதியிருக்கும். 3 என்றால் 2023-இல் உரித்தது என்று பொருள். சட்டப்படி ஒன்பது ஆண்டு கழியாமல் மறுபடி கோடரி வைக்கக்கூடாது. ஆகவே அந்த மரத்துக்கு அடுத்த முறை 2032. கன்று வைத்து முதல் உரிப்புக்கே ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு ஆகும். முதல் இரண்டு முறை வரும் பட்டை புட்டி அடைக்க உதவாது, மூன்றாவதுதான் தேறும். நாற்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்தால்தான் ஒரு நல்ல தக்கை. உரிப்பதும் கையால்தான். கோடரியைப் பட்டையின் ஆழத்துக்கு மட்டும் இறக்க வேண்டும். ஒரு விரல் கூடப் போனால் மரத்துக்குக் காயம், அதோடு அந்த இடம் கெட்டுவிடும். உலகத் தக்கையில் ஏறத்தாழப் பாதி போர்த்துகல் கொடுப்பது. அதில் பெரும்பங்கு இந்தச் சமவெளியின் மரங்கள்.

இனி ஒயினுக்கு வருகிறேன். நவீனக் கூடங்கள் எவோராவைச் சுற்றியே நிறைய இருக்கின்றன. எஃகுத் தொட்டி, குளிரூட்டிய அறை, கண்ணாடி வைத்த சுவைப்பு மண்டபம். அவற்றில் ஒன்றைப் பார்த்தால் போதும். தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் விதிகெய்ரா வட்டாரம் வரும். அங்கே விலா தெ பிராதெஷ் என்ற சிற்றூருக்குப் போங்கள். பக்கத்திலேயே சாவ் குக்குஃபாத்தெ என்ற ரோமானியப் பண்ணை மாளிகையின் இடிபாடு இருக்கிறது. ரோமானியர் காலத்திலிருந்து இந்தப் பக்கம் மண்தாழியில் ஒயின் போட்டு வருகிறார்கள். அந்த வழக்கம் இன்றும் விடவில்லை.

நான் போனது நவம்பர் மாதம். தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண வீட்டுக் கதவு. உள்ளே நீளமான, இருட்டான கூடம். இரண்டு பக்கமும் குதிர் போல ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் தாழிகள், தால்யா என்பார்கள். பெரியவை ஆயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். உள்புறம் பைன் பிசினைக் காய்ச்சிப் பூசியிருப்பதால் ஒயின் மண்ணுக்குள் ஊறி வெளியேறாது. செப்டம்பரில் திராட்சையை நசுக்கி, சாறு, தோல், கொட்டை, கொஞ்சம் காம்பு எல்லாவற்றையும் சேர்த்து உள்ளே கொட்டுகிறார்கள். நொதி வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. பழத்தோலிலேயே இருப்பது போதும். நொதிக்கத் தொடங்கியதும் சக்கை மேலே மிதந்து கெட்டியான மூடியாகிவிடும். நாளுக்கு இரண்டு மூன்று முறை மரத்துடுப்பால் அதைக் குத்தி அமிழ்த்த வேண்டும். தவறினால் உள்ளே வாயு தங்கித் தாழியே வெடிக்கும். அப்படி வெடித்தவை உண்டு. அதனால்தான் கூடத்தின் தரை நடுவை நோக்கிச் சரிந்திருக்கிறது. நடுவில் இன்னொரு தாழியைத் தரைக்குள் புதைத்திருக்கிறார்கள். மேலே ஒன்று உடைந்தால் ஒயின் ஓடிவந்து அதற்குள் விழும். அதற்குக் 'கள்ளன்' என்று பெயர்.

நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள். அன்றுதான் தாழி திறப்பது. அந்தத் தேதிவரை தோலோடு கிடந்தால்தான் சட்டப்படியும் தாழி ஒயின் என்று பெயர் போட முடியும். அதற்குள் நொதித்து முடிந்து சக்கை அடியில் படிந்திருக்கும். தாழியின் அடிப்பக்கத்தில் ஒரு துளை, அதற்கு ஒரு தக்கை. கூடத்துக்காரர் எழுபது வயதுக்கு மேற்பட்டவர், பேச்சு குறைவு. மரக்குழாயைத் துளையில் வைத்து மரச்சுத்தியலால் ஒரே தட்டு. தக்கை உள்ளே போக, குழாய் பொருந்திக்கொண்டது. முதலில் கலங்கலாக வந்தது. அதைச் சட்டியில் பிடித்து மேல் வாய் வழியாகத் திரும்ப ஊற்றினார். மறுபடி பிடித்தார், மறுபடி ஊற்றினார். படிந்த தோலும் காம்பும் வடிகட்டியாக வேலை செய்ய, கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தெளிந்து இறங்கியது. வெள்ளைத் திராட்சைதான், ஆனால் தோலோடு கிடந்ததால் தேன் நிறம். எங்களில் குடிக்காதவர்களுக்கு ரொட்டியும் ஆலிவும் செம்மறிப் பாலில் செய்த பாலாடைக்கட்டியும் வந்தன. அவர்கள்தான் எங்களைவிட அதிகம் கேள்வி கேட்டார்கள். தாழியை யார் வனைகிறார்கள் என்பது அதில் ஒன்று. இவ்வளவு பெரிய தாழி வனையத் தெரிந்த கைகள் இப்போது மிகக் குறைவு. பழையவற்றைத்தான் பிசின் பூசிப் பூசிப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தத் தொழில் ஒரு தலைமுறை முன்னால் போயே போய்விட்டது என்றுதான் நினைத்தார்கள். 1950-களிலிருந்து கூட்டுறவு ஒயின் கூடங்கள் வந்தன. எவோராவுக்கு வடகிழக்கே உள்ள போர்பாவில் 1955-இல் தொடங்கியது அவற்றில் ஒன்று. சிமென்ட் தொட்டியில் அளவாகவும் மலிவாகவும் வந்தபோது தாழிகள் தோட்டத்தில் அலங்காரப் பொருளாயின. சில வீடுகளும் மதுக்கூடங்களும் மட்டும் தங்கள் தேவைக்காக விடாமல் செய்தன. 2010-இல் தாழி ஒயினுக்குத் தனிச் சான்று வகை வந்தது, இளைஞர்கள் திரும்பினார்கள். அந்த வீடுகள் கைவிடாமல் இருந்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

நண்பர்களே, அழகிய வெள்ளைச் சுவரும் நீலக் கரையும் கொண்ட பண்ணை வீட்டைப் படம் எடுக்கும்போது இன்னொன்றையும் தெரிந்துகொண்டு எடுங்கள். இந்தச் சமவெளி நெடுங்காலம் சில குடும்பங்களின் சொத்தாக இருந்தது. 1929-இல் சர்வாதிகார அரசு கோதுமை இயக்கம் தொடங்கியபோது, விளையாத நிலத்தைக்கூட உழுது கோதுமை போட்டார்கள். திராட்சை பின்னுக்குப் போனது. நிலமில்லாதவர்கள் விடியும்முன் ஊர்ச் சதுக்கத்தில் வந்து நிற்பார்கள். மேற்பார்வையாளர் வந்து, உனக்கு உண்டு, உனக்கு இல்லை என்று ஆள் பொறுக்கிப் போவார். 1954 மே 19 அன்று, பேஜாவுக்கு அருகில் பலெய்சாவ் என்ற ஊரில், அறுவடைக் கூலியை உயர்த்தச் சொல்லிப் போன கத்தரீனா எவுஃபேமியா என்ற பெண்ணைக் குடியரசுக் காவல்படை அதிகாரி சுட்டுக் கொன்றார். மூன்று பிள்ளைகளின் தாய்; வயது 26. எட்டு மணி நேர வேலைநாள் இந்த வயல்களுக்கு வந்தது 1962-இல்தான். அதுவும் வேலைநிறுத்தம் செய்து வாங்கியது. அதுவரை சூரியன் எழுவதிலிருந்து விழுவதுவரை ஒரு நாள் வேலை.

1974 ஏப்ரல் 25 புரட்சிக்குப் பிறகு தொழிலாளர்கள் பெரும்பண்ணைகளுக்குள் நுழைந்தார்கள். 1975-இல் மட்டும் பத்து இலட்சம் ஹெக்டேருக்குமேல் கூட்டுப் பண்ணைகளாயிற்று. 1977-இல் வந்த சட்டத்தோடு அது பின்வாங்கத் தொடங்கியது. நிலம் மெல்ல மெல்லப் பழைய உரிமையாளர்களிடம் திரும்பியது. இதைப் பற்றி உங்கள் வழிகாட்டி தானாகப் பேச மாட்டார். கேட்டால் பேசுவார். வயதானவர்கள் இருந்தால் இன்னும் நன்றாகவே பேசுவார்கள், இரண்டு பக்கமும். அலெந்தேஜுக்காரர்களின் 'காந்தே' என்ற பாட்டு இந்த வயல்களிலிருந்தும் சுரங்கங்களிலிருந்தும் வந்தது. கருவி கிடையாது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் தோளோடு தோள் சேர்ந்து மெதுவாக ஏந்துகிறார்கள். 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மேடையில் கேட்பதைவிட ஒரு மதுக்கூடத்தில், சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கேட்பது நல்லது.

நிலமும் கூலியும் பற்றிய அந்தக் கதை இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2002-இல் குவாதியானா ஆற்றில் அல்கேவா அணையின் மதகுகள் மூடப்பட்டன. வானம் பார்த்த நிலத்துக்குத் தண்ணீர் வந்தது. லூஷ் என்ற கிராமம் மூழ்கி வேறிடத்தில் எழுந்தது. நெருக்கி நட்ட ஆலிவும் பாதாமும் பரந்தன. அவற்றில் வேலை செய்ய இந்தியா, நேபாளம், வங்கதேசம் என்று நம் பக்கத்து மக்கள் வந்தார்கள். பலர் முகவருக்குக் கடன்பட்டு வந்தவர்கள். ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுக்க வைத்து, கூலியைப் பிடித்துக்கொண்ட கொடுமைகள் வெளியே வந்தன. 2022-இல் பேஜா வட்டாரத்தில் ஆள்கடத்தல் குற்றச்சாட்டில் காவல்துறை பலரைக் கைது செய்தது. ஆகவே ஒயின் கூடத்தில் திராட்சை வகையைக் கேட்கும்போது, பறிப்பது யார், நேரடியாக வேலைக்கு வைத்தவர்களா, முகவர் மூலமா என்றும் கேளுங்கள். நல்ல கூடத்துக்காரர்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள். வழியில் நம் முகச்சாயலில் யாரையாவது கண்டால் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

எவோராவுக்கு வடகிழக்கே ஒரு மணி நேரத்தில் போர்பாவும் விலா விசோசாவும் இருக்கின்றன. இரண்டும் ஒட்டிய ஊர்கள். போர்பா திராட்சைக்கும் சலவைக்கல்லுக்கும் பேர் போனது. விலா விசோசாவில் வாசற்படி, சன்னல் சட்டம், நடைபாதை ஓரம் எல்லாமே சலவைக்கல். பிரகான்சா குடும்பத்தின் அரண்மனை அங்கே. அந்தக் குடும்பத்தில் 1638-இல் அங்கே பிறந்த இன்னொரு கத்தரீனாவின் திருமணச் சீதனமாகத்தான் பம்பாய் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

தமிழர்கள் அந்த ஊருக்குப் போக இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 1520-இல் விலா விசோசாவில் பிறந்தவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார். யூத மரபிலிருந்து மதம் மாறிய குடும்பம். அந்த மரபைக் காரணம் காட்டி ஒரு துறவற சபை அவரை வைத்துக்கொள்ளவில்லை. அவர் இளைஞராக இருந்தபோது, 1536-இல், இதே எவோராவில்தான் போர்த்துகலின் மத விசாரணை மன்றம் அறிவிக்கப்பட்டது. இயேசு சபையில் சேர்ந்து 1546-இல் கோவா வந்தார். அங்கிருந்து முத்துக்குளித்துறைக்கு வந்து தமிழ் கற்றார், தமிழுக்கு இலக்கணக் குறிப்பு எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. பதினாறு பக்கம். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அது. ஐம்பது ஆண்டுக்குமேல் அந்தக் கடற்கரையிலேயே இருந்து, 1600-இல் புன்னைக்காயலில் இறந்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள். நம் எழுத்தை ஈயத்தில் வார்க்க முதல் காரணமானவர்களில் ஒருவர் பிறந்த ஊர், நீங்கள் அரைநாளில் திரும்பிவிடும் இடத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரம். பாத்திமாவுக்குப் போகிற கத்தோலிக்க நண்பர்களுக்கு மட்டுமல்ல, தமிழ் படிக்கிற எல்லோருக்கும் அங்கே நிற்க உரிமை இருக்கிறது.

இனி நடைமுறை. சூலை, ஆகஸ்டில் வேண்டாம். வெயில் 40 பாகையைத் தொடும், வயதானவர்கள் துவண்டுவிடுவார்கள். அறுவடை பார்க்க செப்டம்பர், தாழி திறப்பதைப் பார்க்க நவம்பர். வண்டி ஓட்டுகிறவர் அன்று ஒரு மிடறும் குடிக்கக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சிற்றூர்களுக்குப் பேருந்து குறைவு என்பதால் வேன் பிடிப்பது நல்லது. சிறிய ஒயின் கூடங்களுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லுங்கள். எத்தனை பேர், அதில் குடிக்காதவர் எத்தனை என்பதையும் சொல்லிவிட்டால் அவர்களுக்கு வசதி. சைவக்காரர்கள் 'அசோர்தா' கேளுங்கள். பூண்டையும் கொத்தமல்லியையும் உப்போடு இடித்து, ஆலிவ் எண்ணெயும் கொதிநீரும் ஊற்றி, பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டுத் தருவது. மேலே முட்டையும் சில இடங்களில் உப்புமீனும் வரும், வேண்டாதவர்கள் சொல்லிவிடலாம். கூலிக்காரர்களின் உணவாக இருந்தது. கொத்தமல்லி மணத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் உடனே ஒட்டிக்கொள்வார்கள்.

முதல் நாள் முழுக்க ஊருக்குள் இருங்கள். இரண்டாம் நாள் காலையில் ஊருக்கு மேற்கே அல்மென்த்ரெஷ் கல்வட்டம். ஏறக்குறைய ஏழாயிரம் ஆண்டுக்கு முன் நட்ட கற்கள், தக்கை மரங்களுக்கு நடுவே தொண்ணூற்றுக்கு மேல். பிறகு விலா தெ பிராதெஷ். மூன்றாம் நாள் விலா விசோசாவும் போர்பாவும் பார்த்துவிட்டு அப்படியே லிஸ்பன். கடைவீதிக்கு ஒரு நாள் குறையும், அவ்வளவுதான். 2027-இல் எவோரா ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருக்கும். அந்த ஆண்டு போகிறவர்கள் இப்போதே அறை எடுத்துவிடுங்கள். மதிலுக்குள் விடுதிகள் அதிகம் இல்லை.

அன்புடன்,
உங்கள் சக பயணி